கரப்பான் பண்டம்

எங்கள் பக்கம் பிள்ளை பெற்ற வீட்டுக்கு வருகிறவர்கள் முதலில் குழந்தையைப் பார்ப்பார்கள், அடுத்ததாகத் தாயின் தட்டைப் பார்ப்பார்கள். குழந்தை அழுதுகொண்டிருந்தால் தட்டைத்தான் முதலில் பார்ப்பார்கள். "என்னத்தட்டி தின்ன?" குலசேகரன்பட்டினத்திலிருந்து உடன்குடி, மணப்பாடு வரைக்கும் பேறுகாலத்துப் பெண் தினமும் பதில் சொல்லவேண்டிய கேள்வி இது. கத்தரிக்காய் தின்னியா, கருவாட்டைத் தொட்டியா, ராத்திரி தயிர் ஊத்தினியா? இத்தனை விசாரணைக்கும் பின்னால் இருப்பது ஒரே சொல். கரப்பான் பண்டம்.

கரப்பான் என்றால் தோலில் வரும் சொறி, தடிப்பு, நீர் வடியும் புண். டாக்டர்கள் எக்ஸிமா என்று எழுதுவதில் பெரும்பகுதியை எங்கள் ஆச்சிகள் கரப்பான் என்று முடித்துவிடுவார்கள். அதைக் கிளப்பிவிடுகிற சாப்பாடு கரப்பான் பண்டம். பட்டியல் வீட்டுக்கு வீடு மாறும். எங்கள் வீட்டில் கத்தரிக்காய், கருவாடு, நண்டு, இறால், சோளம். பக்கத்து வீட்டில் நண்டு தின்னலாம், வாழைக்காய் கூடாது. எல்லாப் பட்டியலுக்கும் அடியில் இருக்கும் எண்ணம் ஒன்றுதான்: தாய் தின்பது பாலில் இறங்கும், பாலில் இறங்கியது பிள்ளையின் தோலிலும் வயிற்றிலும் தெரியும்.

இது பழைய எண்ணம். சித்த மருத்துவத்தில் குழந்தை வைத்தியத்துக்கென்றே பாலவாகடம் என்று நூல் இருக்கிறது. அந்த மரபில் குழந்தையின் செரிமானக் கோளாறுகளுக்கெல்லாம் மாந்தம் என்று பொதுப்பெயர். மாந்தத்தில் பல வகை. அதில் ஒன்றின் பெயர் பால் மாந்தம். வயிறு உப்பும், பாலைக் கக்கும், மலம் கெட்டுப் போகும், பிள்ளை தூங்காமல் அழும். ஒவ்வாமை என்ற சொல் இன்றைய மருத்துவப் பொருளில் புழங்குவதற்கு வெகுகாலம் முன்பே, பாலும் அழுகையும் தூக்கமின்மையும் ஒரே பெயருக்குக் கீழே வந்துவிட்டன.

என் மகளுக்கு இந்தச் சொற்கள் எல்லாம் மூன்று மாதத்துக்குள் வந்து சேர்ந்தன.

*

முதல் ஐந்து வாரம் அவள் எல்லாக் குழந்தைகளையும் போலத்தான் இருந்தாள். பால் குடிப்பாள், தூங்குவாள், இரண்டு இரண்டரை மணி நேரத்தில் எழுவாள். ஆறாவது வாரத்திலிருந்து அந்தக் கணக்கு குலைந்தது. நாற்பது நிமிஷம் தூங்குவாள். காலை வயிற்றோடு மடக்கிக்கொண்டு, முகம் சிவக்க, ஒரு முறுக்கு முறுக்கி எழுவாள். மார்பில் வைத்தால் ஆவேசமாகக் குடிப்பாள். நாலு மடக்கு குடித்ததும் முதுகை வில்லாக வளைத்து விலகிக் கத்துவாள். மறுபடி வாயைத் திறந்து தேடுவாள். மறுபடி விலகுவாள். தோளில் போட்டு நடந்தால் அடங்குவாள், படுக்க வைத்தால் ஆரம்பிப்பாள்.

ராத்திரி பத்து மணியிலிருந்து விடிகாலை ஐந்து மணி வரைக்கும் எத்தனை தடவை எழுகிறாள் என்று ஒரு நாள் காலண்டர் தாளின் பின்பக்கம் கோடு போட்டுப் பார்த்தேன். பதினொன்று. அம்மா அந்தத் தாளை வாங்கிப் பார்த்துவிட்டு, "எண்ணாதட்டி, எண்ணினா கூடும்" என்றாள்.

பசி என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். அழுகிற பிள்ளை வாயைத் திறந்து மார்பைத் தேடினால் பசி என்றுதான் தோன்றும். சப்புவது குழந்தைக்குச் சாப்பாடு மட்டும் இல்லை, வலிக்கு மருந்தும் அதுதான் என்பது எனக்குப் பிற்பாடு ஒரு டாக்டர் சொன்னது. தடுப்பூசி போடும்போது தாய்ப்பால் கொடுத்தால் குழந்தை குறைவாக அழும் என்பது நிரூபிக்கப்பட்ட விஷயம். அதே காரணத்தால் வயிறு வலிக்கிற குழந்தையும் மார்பைத்தான் கேட்கும். குடித்தால் கொஞ்சம் ஆறும். குடித்தது உள்ளே போய் மறுபடி தொந்தரவு செய்யும். மறுபடி கேட்கும். வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு இது தீராத பசியாகத் தெரியும். "பால் பத்தலை" என்ற தீர்ப்பு அங்கேதான் பிறக்கிறது.

பால் பத்தவில்லை என்றால் தாய்க்குப் பால் ஊற வேண்டும். அதற்கு எங்கள் கடற்கரையில் பால்சுறாப் புட்டு உண்டு. சுறாவை அவித்து, தோலை உரித்து, உதிர்த்து, பூண்டும் வெங்காயமும் இஞ்சியும் போட்டு வதக்கினால் அதைப்போல ருசி வேறு இல்லை. அதோடு ராத்திரி ஒரு டம்ளர், விடிந்ததும் ஒரு டம்ளர் பசும்பால். நடுவில் பால் ஊற்றிக் கலக்கின சத்துமாவுக் கஞ்சி. "பாலைக் குடிச்சாத்தான பால் ஊறும்" என்பது ஆச்சியின் கணக்கு. மறுத்துப் பேச முடியாத அளவுக்கு எளிமையான கணக்கு. நாளுக்கு ஒரு லிட்டருக்குக் குறையாமல் பால் என் வயிற்றுக்குள் போய்க்கொண்டிருந்தது.

எட்டாவது வாரத்தில் கன்னம் இரண்டும் சிவந்து சொரசொரவென்று ஆனது. பிறகு முழங்கை மடிப்பு, காதுக்குப் பின்னால். தூங்கும்போது தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உருட்டிக் கன்னத்தைத் துணியில் தேய்ப்பாள். ஒன்பதாவது வாரத்தில் மலத்தில் சளி. அதற்கு அடுத்த வாரம், பச்சைச் சளிக்கு நடுவில் சிவப்பாக ஒரு நூல்.

*

அதற்குள் எங்கள் வீட்டில் நடந்த வைத்தியங்களைச் சொல்லவேண்டும். இவை எதையும் கேலிக்காகச் சொல்லவில்லை. ஒவ்வொன்றையும் செய்தவர்கள் என் மகளுக்காகத் தூக்கம் கெட்டவர்கள்.

உரம் விழுந்திருக்கிறது என்றார் ஒருவர். பிள்ளையைத் தூக்குகிற வாக்கில் கழுத்திலோ முதுகிலோ பிடித்துக்கொள்வதற்குப் பெயர் உரம். உரம் எடுக்கத் தெரிந்த பாட்டி வந்து, சேலையில் பிள்ளையைப் போட்டு, மெதுவாக இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உருட்டினார். பிள்ளை அந்த அரைமணி நேரம் அழவே இல்லை. திருஷ்டி என்றார் இன்னொருவர். மிளகாயும் உப்பும் சுற்றி அடுப்பில் போட்டார்கள். பிள்ளை வளர்ப்பான் என்று எங்கள் ஆட்கள் மரியாதையோடு சொல்லும் வசம்பைச் சுட்டு உரைத்து நாக்கில் தடவவேண்டும் என்றாள் ஆச்சி. அதற்கு மட்டும் நான் மறுத்தேன். வசம்பில் இருக்கும் அசரோன் என்ற பொருளால் வரும் கேட்டைக் காரணம் காட்டி அமெரிக்கா 1968-லேயே அதை உணவில் சேர்க்கத் தடை விதித்திருக்கிறது. ஆச்சி கோபப்படவில்லை. வசம்பைக் கோத்து வளையலாக்கிக் கையில் கட்டிவிட்டாள். அதில் எனக்கும் ஆட்சேபம் இல்லை.

கழுதைப்பால் வாங்கலாம் என்றார் மதினி. தெருவில் கழுதையை ஓட்டிக்கொண்டு வந்து கண்முன்னால் கறந்து சங்கில் ஊற்றித் தருகிறவர்களை நம் ஊர்களில் பார்த்திருப்பீர்கள். ஆச்சரியம் என்னவென்றால் இதில் கொஞ்சம் விஷயம் இருக்கிறது. பசும்பால் ஒத்துக்கொள்ளாத குழந்தைகளுக்குக் கழுதைப்பால் கொடுத்துப் பார்த்த ஆய்வுகள் இத்தாலியில் நடந்திருக்கின்றன. அதில் பெரும்பாலான குழந்தைகளுக்கு ஒத்துக்கொண்டது. கழுதைப்பாலின் புரதம் பசும்பாலைவிடத் தாய்ப்பாலுக்குக் கிட்டத்தில் இருப்பதுதான் காரணம். ஆனால் காய்ச்சாத பாலைத் தெருவில் வாங்கி இரண்டு மாதக் குழந்தைக்கு ஊற்றுவது வேறு ஆபத்து. கிருமி எந்தப் புரதத்தையும் பார்த்து வருவதில்லை. ஆட்டுப்பால் கதை இதற்கு நேர் எதிர். லேசான பால் என்று பேர் வாங்கியிருக்கிறது, ஆனால் அதன் புரதம் பசும்பாலோடு அவ்வளவு ஒத்துப்போகும். பசும்பால் ஒவ்வாமை உள்ள குழந்தைகளில் பத்தில் ஒன்பது பேருக்கு ஆட்டுப்பாலும் ஒத்துக்கொள்ளாது.

கன்னம் சிவந்ததும் ஆச்சி வேறு முடிவுக்கு வந்தாள். முத்தாரம்மன் என்ற பெயரில் இருக்கும் முத்து கடல் முத்து என்று சொல்கிறவர்கள் உண்டு, அம்மை முத்து என்று சொல்கிறவர்களும் உண்டு. ஆச்சி இரண்டாவது கட்சி. தோலில் எது முளைத்தாலும் அது அம்மன் கணக்கு. பிள்ளைக்குச் சரியானால் தசராவுக்கு என் மாமா மகன் வேஷம் கட்டி வீடு வீடாகக் காணிக்கை பிரித்துக் கோயிலில் சேர்ப்பான் என்று நேர்ந்துகொண்டாள். மாமா மகனிடம் கேட்கவில்லை.

*

வெளியூர்க்காரர்களுக்கு எங்கள் ஊர் இரண்டு காரணத்துக்காகத் தெரியும். தசரா ஒன்று. 2024 பிப்ரவரி 28-ஆம் தேதி அடிக்கல் நாட்டின ராக்கெட் ஏவுதளம் இன்னொன்று. மலத்தில் ரத்தம் வந்த பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நாங்கள் திருச்செந்தூர் தாண்டித் தூத்துக்குடி போனோம்.

முதலில் பார்த்த இடத்தில் 'பால் பத்தலை, பால்மாவு சேர்த்துக் கொடுங்க' என்று எழுதிக் கொடுத்தார்கள். இரண்டாவதாகப் பார்த்த டாக்டர் பிள்ளையின் எடையைப் பார்த்தார். எடை ஒழுங்காக ஏறியிருந்தது. டயப்பரைப் பிரித்துப் பார்த்தார். கன்னத்தைத் தடவினார். அப்புறம் என்னைப் பார்த்துக் கேட்டார்: "நீங்க ஒரு நாளைக்கு எவ்வளவு பால் குடிக்கிறீங்க?"

அதுவும் "என்னத்தட்டி தின்ன" கேள்விதான். ஆனால் அவர் கேட்டபோது அதில் குற்றம் இல்லை. சளி எத்தனை நாளாக என்று கேட்பதைப் போலக் கேட்டார்.

அவர் விளக்கியதையும் பிறகு நான் படித்ததையும் சேர்த்து எழுதுகிறேன். பசும்பாலில் கேசீன் என்று ஒரு புரதம், மோர்த்தண்ணீரில் பீட்டா-லாக்டோகுளோபுலின் என்று ஒரு புரதம். இரண்டாவது தாய்ப்பாலில் இயற்கையாகக் கிடையவே கிடையாது. ஆனால் பசும்பால் குடிக்கிற தாய்மாரில் கணிசமானவர்களின் பாலில் அது அகப்படுகிறது, மில்லிலிட்டருக்கு சில நானோகிராம் அளவில். பெரும்பாலான குழந்தைகள் அதைக் கவனிப்பதே இல்லை. சில குழந்தைகளின் உடம்பு அதை எதிரி என்று எடுத்துக்கொள்கிறது.

எடுத்துக்கொள்வதிலும் இரண்டு விதம். ஒன்று உடனடி விதம். குடித்த சில நிமிஷத்திலிருந்து ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள் தடிப்பு, வாந்தி, உதடு வீக்கம், மூச்சுத் திணறல் என்று வரும். ஐஜிஇ என்ற எதிர்ப்பொருள் அதற்குக் காரணம். ரத்தத்திலும் தோலிலும் சோதனை செய்து பார்க்கலாம். உயிருக்கே ஆபத்தாகலாம். இன்னொன்று மெதுவான விதம். மணிக்கணக்கிலோ நாள்கணக்கிலோ கழித்து வயிற்றிலும் தோலிலும் தெரியும். அதற்கு நம்பத்தகுந்த ரத்தச் சோதனை எதுவும் இல்லை. ஒரே சோதனை, தாய் பாலை முழுவதும் நிறுத்துவது. இரண்டு முதல் நான்கு வாரம் பார்ப்பது. சரியானால், மறுபடி குடித்துப் பார்ப்பது. மறுபடி வந்தால் மட்டும்தான் பாலுக்கு அந்தப் பேரைக் கொடுக்கலாம்.

லாக்டோஸ் பிரச்சினை வேறு, இது வேறு என்றும் சொன்னார். லாக்டோஸ் என்பது பாலின் சர்க்கரை. தாய்ப்பாலிலேயே அது நிறைய இருக்கிறது. தாய் எதை நிறுத்தினாலும் அது மாறாது. லாக்டோஸ் நீக்கிய பாலில் புரதம் அப்படியே இருக்கும் என்பதால் எங்களுக்கு அதனால் பிரயோஜனம் இல்லை.

"ராத்திரி ஏன் டாக்டர் இவ்வளவு எழுதா?" என்றாள் அம்மா. அரிப்பு ராத்திரிதான் கூடும் என்றார் அவர். உடம்பில் கார்டிசால் அளவு இரவில் குறைகிறது, தோலின் சூடு கூடுகிறது, தோல் வழியாக ஈரம் அதிகமாகப் போகிறது. பகலில் வேடிக்கை பார்த்து மறக்கிற அரிப்பைப் படுக்கையில் மறக்க முடியாது. படுத்த நிலையில் குடித்த பால் எதுக்களித்து மேலே வருகிறது. குடல் புண்ணாகியிருந்தால் அது வேறு.

இதைப் படிக்கும்போது ஒரு தேதி என் கண்ணில் பட்டது. 1985. ராத்திரி எழுகிற குழந்தையைத் தூங்கப் பழக்குவது எப்படி என்று அமெரிக்காவின் ரிச்சர்ட் ஃபெர்பர் எழுதிய புகழ்பெற்ற புத்தகம் அந்த வருஷம்தான் வந்தது. அழுகிற பிள்ளையிடம் போவதற்கு முன் கொஞ்சம் கொஞ்சமாக இடைவெளியைக் கூட்டுவது அவர் முறை. அவர் பெயரே ஆங்கிலத்தில் வினைச்சொல் ஆகிவிட்டது. அதே 1985-இல் பெல்ஜியத்தின் ஆந்திரே கான் என்ற குழந்தை மருத்துவரும் கூட இருந்தவர்களும் 'பீடியாட்ரிக்ஸ்' இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். எந்தக் காரணமும் அகப்படாமல் இரவெல்லாம் விழிக்கிற கைக்குழந்தைகள் சிலருக்குப் பசும்பாலை நிறுத்தினால் தூக்கம் சீராகிறது என்பது அதன் சாரம். 1989-இல் பெற்றோருக்கும் மருத்துவருக்கும் எது பால் எது மாற்று என்று தெரியாதபடி மாற்றி மாற்றிக் கொடுத்துச் சோதித்தார்கள். பால் திரும்பியபோது தூக்கம் கெட்டது. சிறிய ஆய்வுகள்தான். தூக்கமில்லாத எல்லாக் குழந்தைக்கும் பால்தான் காரணம் என்று அவர்களும் சொல்லவில்லை. ஆனாலும் ஒரு புத்தகம் உலகமெல்லாம் போனது, ஒரு கட்டுரை நூலகத்தில் இருந்தது. பிள்ளையின் பழக்கத்தைத் திருத்துவது விற்கிற விஷயம். பிள்ளைக்கு எங்கேயோ வலிக்கிறதா என்று பார்ப்பதை அப்படி விற்க முடியாது.

*

வீட்டுக்கு வந்து பாலை நிறுத்துகிறேன் என்று சொன்னபோது ஆச்சி எழுந்து உள்ளே போய்விட்டாள். கத்தரிக்காயை நிறுத்தச் சொன்னால் ஊரே தலையாட்டும். கருவாட்டை நிறுத்தினால் கேள்வியே இல்லை. பால் மட்டும் எந்த வீட்டுப் பட்டியலிலும் இருந்ததில்லை. அது தெய்வத்துக்கு அபிஷேகம் செய்வது, முதல் வீட்டில் காய்ச்சுவது, வெள்ளையானது. "பாலைக் குத்தம் சொல்லுத பிள்ளையை நான் எங்கேயும் பாத்ததில்லை" என்றாள்.

ஆனால் ஒன்றைச் சொல்லவேண்டும். பாலை நிறுத்திவிட்டு உயிர் வாழ்வதற்கு எங்கள் ஊர்ப்பக்கத்தைப்போலத் தோதான இடம் குறைவு. செம்மண் தேரியும் பனையும் இருக்கிற நிலம். உடன்குடிக் கருப்பட்டிக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது, ஆனால் கருப்பட்டி போட்ட கடுங்காப்பி அதற்கு முன்பே எங்களுக்குப் பழக்கம். அதில் பால் வேண்டாம். முதலூர் மஸ்கோத் அல்வாவில் நெய் கிடையாது, தேங்காய்ப்பால்தான். தூத்துக்குடி மக்ரூனில் முட்டை வெள்ளையும் முந்திரியும் சீனியும்தான். பால் நிறுத்தின முதல் வாரத்தில் மாமா இரண்டையும் வாங்கிவந்து வைத்துவிட்டு, "இதுல மாடு இல்லட்டி, தின்னு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

சிக்கல் மற்ற இடங்களில் இருந்தது. பிஸ்கட்டில் பால்பொடி. ரொட்டியில் பால். ஓட்டல் பரோட்டாவில் சில இடத்தில் பால். தோசைக்கல்லில் நெய். பாக்கெட்டில் அடைத்து விற்கிறவர்கள் பால் சேர்ந்திருந்தால் அதை ஒவ்வாமைப் பொருள் என்று தனியாகக் குறிப்பிடவேண்டும் என்று உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2020-ஆம் வருஷத்து விதி சொல்கிறது. டீக்கடைப் பலகாரத்துக்கும் கல்யாண வீட்டுப் பந்திக்கும் லேபிள் இல்லை. பந்தியில் உட்கார்ந்து, "இதுல பால் உண்டா?" என்று நான் கேட்டபோது பரிமாறினவர் என்னை வேறு மாதிரிப் பார்த்தார்.

எலும்புக்கும் பார்க்கவேண்டும். பால் கொடுக்கும் பெண்ணுக்கு நாளுக்கு 1200 மில்லிகிராம் கால்சியம் வேண்டும் என்கிறது 2020-இல் வந்த இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் அட்டவணை. கேழ்வரகில் நூறு கிராமுக்கு ஏறக்குறைய 350 மில்லிகிராம். முள்ளோடு தின்கிற நெத்திலி, எள்ளு, முருங்கைக்கீரை எல்லாம் உதவின. மீதத்துக்கு டாக்டர் மாத்திரை எழுதினார். நெத்திலி வறுத்ததைத் தட்டில் பார்த்த பக்கத்து வீட்டு அக்கா வழக்கம்போல, "கரப்பானாச்சேட்டி" என்று ஆரம்பித்தாள். ஆச்சி உள்ளிருந்து, "அவ தின்னட்டும், டாக்டர் சொல்லியிருக்கு" என்றாள். பால் விஷயத்தில் ஆச்சி சமாதானம் ஆகவில்லை. ஆனாலும் வெளியாட்களிடம் எனக்காகப் பேசினாள்.

*

பால் நிறுத்தி ஐந்தாம் நாள் வரைக்கும் ஒரு மாற்றமும் இல்லை. எட்டாம் நாள் மலத்தில் சிவப்பு இல்லை. இரண்டாம் வாரம் சளி குறைந்தது. கன்னம் வெளுத்தது. மூன்றாவது வாரம் தசராக் கொடியேறியது. மேளமும் தாரை தப்பட்டையும் ராத்திரி பகல் பார்க்காமல் அடிக்கிற பத்து நாள். காளியும் குறவனும் குறத்தியும் கரடியும் போலீஸும் தெருத்தெருவாகப் போகிற பத்து நாள். மாமா மகன் காளி வேஷம் கட்டியிருந்தான். கொடியேறிய நாலாவது ராத்திரி, அத்தனை சத்தத்துக்கு நடுவில், என் மகள் மூன்று மணி நேரம் இருபது நிமிஷம் தொடர்ந்து தூங்கினாள். மூச்சு வருகிறதா என்று நான் மூக்கின் கீழே விரல் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

அடுத்ததுதான் கஷ்டமான பகுதி. நான்காவது வாரம் முடிந்ததும் பாலை மறுபடி குடித்துப் பார்க்கவேண்டும். வீட்டில் ஒருவர்கூட இதற்குச் சம்மதிக்கவில்லை. பாலை நிறுத்தியபோது எதிர்த்த அதே ஆச்சி, "நல்லா தூங்குத பிள்ளையை ஏன் கெடுக்கணும்" என்றாள். பத்து நாள் பேசினால்கூட இதற்குச் சரியான பதில் இல்லை. எனக்கும் ஆசை இல்லை. மூன்று மணி நேரத் தூக்கத்தை ருசி பார்த்த பிறகு அதைத் திருப்பிக் கொடுப்பது யாருக்கு முடியும்?

ஆனால் டாக்டர் சொன்ன காரணம் எனக்கு விளங்கியிருந்தது. பெரும்பாலான குழந்தைகளின் அழுகை மூன்று மாதத்துக்கு மேல் தானாகவே குறையும். மலத்தில் கொஞ்சம் ரத்தம் வருவதும் பல குழந்தைகளுக்குத் தானாகவே நின்றுபோகும். அவள் வளர்ந்ததால் சரியானதா, நான் பாலை விட்டதால் சரியானதா? திரும்பக் குடித்துப் பார்க்காமல் இதற்குப் பதில் இல்லை. பதில் தெரியாமல் விட்டால் ஒரு தப்பான பேர் அவளோடு பள்ளிக்கூடம் வரைக்கும் போகும். அவளுடையது மெதுவான விதம், மூச்சுத் திணறலோ தடிப்போ வந்ததில்லை என்பதால்தான் வீட்டில் வைத்துச் செய்ய அனுமதித்தார். உடனடி விதமாக இருந்தால் இதை ஆஸ்பத்திரியில் வைத்துத்தான் செய்யவேண்டும்.

திங்கட்கிழமை ஒரு டம்ளர் பால் குடித்தேன். செவ்வாய் இன்னொன்று. செவ்வாய் ராத்திரி ஏழு தடவை எழுந்தாள். புதன்கிழமை சளி. வியாழக்கிழமை கன்னம். வெள்ளிக்கிழமை காலையில் பாலை நிறுத்தினேன். அம்மா ஒன்றும் சொல்லவில்லை, கருப்பட்டியைத் தட்டிக் காப்பி போட்டுத் தந்தாள்.

*

இந்தக் கதையை ஒருத்தியிடம் சொன்னால், "என் பிள்ளையும் ராத்திரி எழுதே, நானும் பாலை விட்டுரட்டுமா?" என்று கேட்கிறாள். அடுத்தவள் கோதுமையையும் சேர்த்து விடுகிறாள். அதனால் இதன் மறுபக்கத்தையும் எழுதியாக வேண்டும்.

ஐரோப்பாவில் ஒன்பது நாடுகளில் 12,049 குழந்தைகளைப் பிறந்ததிலிருந்து இரண்டு வயது வரை பின்தொடர்ந்த ஆய்வு ஒன்று உண்டு. முறையாகச் சோதித்து உறுதியான பசும்பால் ஒவ்வாமை அதில் 0.54 சதவீதம். இருநூறு குழந்தைக்கு ஒன்று. பால்தான் காரணமோ என்று சந்தேகப்படும் பெற்றோர் அதைவிடப் பல மடங்கு. கிறிஸ் வான் துல்லெகன் என்ற மருத்துவர் 2018-இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் எழுதிய கட்டுரை இன்னொன்றைக் காட்டியது. 2006-க்கும் 2016-க்கும் நடுவில் இங்கிலாந்தில் ஒவ்வாமைக் குழந்தைகளுக்கான விசேஷப் பால்மாவுக்கு எழுதப்பட்ட மருந்துச்சீட்டுகள் 1,05,029-இலிருந்து ஆறு லட்சத்துக்கு மேல் போயின. நோய் அந்த அளவுக்குக் கூடியதற்குச் சான்று இல்லை. அழுகை, கக்குதல், தோல் தடிப்பு என்று எல்லாக் குழந்தைக்கும் வருவதை அறிகுறிப் பட்டியலில் சேர்த்த வழிகாட்டிகள் இருந்தன. எழுதினவர்களில் பலருக்குப் பால்மாவு நிறுவனங்களோடு தொடர்பு இருந்தது.

இந்தியாவில் 1992-ஆம் வருஷத்துச் சட்டப்படி குழந்தைப் பால்மாவுக்கு விளம்பரம் செய்யக்கூடாது. நல்ல சட்டம். ஆனால் ராத்திரி பதினொரு தடவை எழுகிற பிள்ளையின் தாய்க்கு விளம்பரம் தேவையில்லை. சுற்றி இருக்கிற எல்லோரும், "ஒரு டப்பா வாங்கிப் போடு" என்று சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார்கள். பால் ஒவ்வாமை உள்ள பிள்ளைக்கு அந்த டப்பாதான் நானோகிராமைக் கிராமாக்குகிற வழி.

இன்னொரு பக்கம் தாயின் தட்டு. 2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி நம் நாட்டில் 15 வயதிலிருந்து 49 வயது வரையுள்ள பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. அவர்கள் தட்டிலிருந்து ஒரு பண்டத்தை எடுப்பது இலவசம் இல்லை. கத்தரிக்காய், கருவாடு, நண்டு, பால், கோதுமை, முட்டை என்று ஒவ்வொருவர் சொல்வதையும் விட்டுக்கொண்டே போனால் கடைசியில் சோறும் ரசமும் மிஞ்சும். கரப்பான் பண்டம் என்ற எண்ணத்தில் நியாயம் இருக்கிறது, பட்டியலில் அது இல்லை. எந்தப் பண்டம் என்று குழந்தைதான் சொல்லவேண்டும். ஒரு நேரத்தில் ஒன்றை எடுத்து, தேதி வைத்துக் காத்திருந்து, திரும்பச் சேர்த்துப் பார்த்தால்தான் அது சொல்லும். என் மகள் கத்தரிக்காயைப் பற்றியோ நண்டைப் பற்றியோ ஒன்றும் சொல்லவில்லை. நான் இரண்டையும் நன்றாகத் தின்றேன்.

மலத்தில் ரத்தமும் இல்லை, எடையும் ஏறுகிறது, தோலும் சுத்தமாக இருக்கிறது, ஆனால் ராத்திரி நாலு தடவை எழுகிறது என்றால் அதற்குப் பேர் பெரும்பாலும் குழந்தை என்பதுதான். இது எனக்குத் தெரிந்தது பாலை விட்டதற்குப் பிறகு. பதினொன்று நாலானது. நாலு பூஜ்யம் ஆகவில்லை. அரிப்பும் வலியும் போன பிறகும் அவள் ராத்திரி எழுந்தாள், குடித்தாள், தூங்கினாள். பால் சுரக்கவைக்கும் ப்ரோலாக்டின் ராத்திரியில்தான் அதிகம். தூக்கத்துக்கான மெலடோனின் ராத்திரிப் பாலில்தான் இருக்கிறது. வலியில் எழுகிற அழுகைக்கும் பசியில் எழுகிற அழுகைக்கும் வித்தியாசம் எனக்கு அப்போதுதான் காதில் கேட்க ஆரம்பித்தது. வலியில் எழுந்தவள் மார்பைச் சண்டைபோட்டுக் குடித்தாள். பசியில் எழுந்தவள் பாதிக் கண்ணைத் திறந்து, குடித்து, வாயில் பால் வழியத் தூங்கிப்போனாள்.

*

ஆறு மாதம் ஆனதும் சாப்பாடு ஆரம்பித்தோம். ஒவ்வாமைப் பிள்ளைக்கு முட்டையும் கடலையும் ஒரு வயது, இரண்டு வயது வரைக்கும் கொடுக்கக்கூடாது என்றுதான் முன்பு சொல்வார்கள். 2015-இல் லண்டனில் கிடியன் லாக் குழுவினர் அதைத் தலைகீழாக்கினார்கள். எக்ஸிமாவோ முட்டை ஒவ்வாமையோ உள்ள 640 கைக்குழந்தைகளை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்குச் சிறுவயதிலிருந்தே நிலக்கடலை கொடுத்தார்கள், மறுபாதிக்கு ஐந்து வயது வரை கொடுக்கவில்லை. தவிர்த்தவர்களில் 17.2 சதவீதம் பேருக்குக் கடலை ஒவ்வாமை வந்தது. தின்றவர்களில் 3.2 சதவீதம். டாக்டரிடம் கேட்டுக்கொண்டு, கடலையை நைசாக அரைத்துக் கேழ்வரகுக் கூழில் துளி கலந்து கொடுத்தேன். முழுக்கடலை தொண்டையில் அடைக்கும், அதை அவள் வயதில் காட்டவே கூடாது. முட்டை வேகவைத்து மசித்துக் கொடுத்தேன். மீன், முள்ளெடுத்த சாளை. ஒவ்வொன்றையும் காலையில்தான் கொடுத்தேன், ராத்திரிக்கு முன் பதில் தெரியட்டும் என்று.

ஆச்சி பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு தடவையும் கன்னத்தைப் பார்த்தாள். அவள் வாழ்க்கை முழுக்கச் செய்துகொண்டிருந்த வேலைதான் அது.

இந்த ஒவ்வாமை பெரும்பாலான குழந்தைகளுக்கு வளர வளரப் போய்விடும். மெதுவான விதம் பலருக்கு ஒரு வயதை ஒட்டியே போகும். போய்விட்டதா என்று பார்ப்பதற்கு ஒரு ஏணி வைத்திருக்கிறார்கள். அடிப்படியில் பால் துளி சேர்ந்த, நன்றாகச் சுட்ட பிஸ்கட். அதிகச் சூட்டில் வெகுநேரம் வேகும்போது பால் புரதத்தின் உருவம் குலைகிறது, மாவோடு சேர்ந்து பிணைந்தும் கொள்கிறது. அதனால் உடம்பு அதை அவ்வளவாக அடையாளம் காண்பதில்லை. அதற்கு மேல்படியில் கேக், பிறகு தயிர், உச்சியில் சாதாரணப் பால். ஒவ்வொரு படியிலும் சில நாள் நிற்கவேண்டும். உடனடி விதம் உள்ள குழந்தைகளை டாக்டர் இல்லாமல் இந்த ஏணியில் ஏற்றக்கூடாது.

என் மகளுக்கு இப்போது பதினான்கு மாதம். மூன்றாம் படியில் நிற்கிறோம். ஒரு ஸ்பூன் தயிர்ச்சோறு, மூன்று நாளாக. கன்னம் சுத்தமாக இருக்கிறது. ஆச்சி தினமும் காலையில் வந்து, "ராத்திரி எத்தனை?" என்று கேட்கிறாள். தட்டைப் பார்ப்பதில்லை. இரண்டு என்று சொன்னால் தலையாட்டிவிட்டுப் போகிறாள். நேற்று ஒன்று. ரெண்டு மணிக்கு எழுந்தாள், குடித்தாள், தூங்கினாள்.